உறுமுற நாயை அடிக்காதீங்க!

மூன்று வருடத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, தொழுவத்தில் பொங்கல் வைத்து முடித்திருந்தோம். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மதியச் சாப்பாடு முடிந்து நான் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். எட்டு வயதுப் பேரன், வேப்ப மரத்தடியில் படுத்திருந்த எங்கள் நாய் செவலையிடம் போய், வழக்கம்போலக் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். அடுத்த நொடி வீல் என்று அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பையனின் முன்கையில் பல் பதிந்து ரத்தம் வழிகிறது. செவலை ரெண்டு எட்டு பின்னால் போய், வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு நின்றது.

"ஒரு சத்தம்கூடப் போடலையேப்பா, திடீர்னு கடிச்சிருச்சு" என்று அழுதாள் மகள்.

நானும் அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். இப்போது விஷயம் தெரியும். அந்தக் கடி திடீரென்று வந்ததில்லை. செவலை எட்டு மாதமாக எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியாக அது சத்தம் போட்டுச் சொன்னபோது, சொன்ன வாயை அடித்து மூடியவன் நான்தான். என் தப்பு வேறு எந்தத் தோட்டத்திலும் நடக்கக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தோட்டத்துக்கு வந்த செவலை

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவு. ஓய்வு பெற்றதும், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் பூர்வீக நிலம் நாலரை ஏக்கரில் இயற்கை விவசாயத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் மா, கொஞ்சம் புளி, மழைக்கு நிலக்கடலை, வரப்பில் துவரை, மூன்று நாட்டு மாடு. நம்மை மாதிரி மருந்தடிக்காத காட்டுக்கு எல்லா ஜீவனும் வரும். பகலில் மயில், ராத்திரியில் காட்டுப்பன்றி. காவலுக்கு நாய் இல்லாமல் ஆகாது.

கடலை எடுத்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட வருஷா வருஷம் ஒரு கீதாரி வருவார். முதல் வருடம் அவர் கொடுத்துவிட்டுப் போன குட்டிதான் செவலை. சாதாரண நாட்டு நாய். ஒரு வருடத்தில் தோட்டத்தின் நாலு எல்லையும் அதற்கு அத்துப்படி. பன்றி வந்தால் ஒரு மாதிரி குரைக்கும், ஆள் வந்தால் வேறு மாதிரி குரைக்கும். நான் அதை நம்பித் தூங்கினேன்.

கடிப்பதற்கு முந்தைய மே மாதம், பள்ளி லீவுக்குப் பேரன் வந்திருந்தான். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை. நாயைக் கண்டதும் விடவில்லை. எப்போது பார்த்தாலும் கட்டிப் பிடிப்பது, மேலே சாய்வது, காதைத் தூக்கிப் பார்ப்பது. செவலை முகத்தை அந்தப் பக்கம் திருப்பும், கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும். "பாருங்க, தூக்கம் வருதாம்" என்று சிரித்தோம். போட்டோ எடுத்தோம். எழுந்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தால் பையனும் பின்னாலேயே போனான்.

ஒருநாள் அது உறுமியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பிள்ளையைப் பார்த்தா உறுமுற?" என்று வேப்பங்குச்சியால் ரெண்டு போட்டேன். இன்னும் ரெண்டு தடவை உறுமியது, ரெண்டு தடவையும் அடி வாங்கியது. அதற்குப் பிறகு உறுமவே இல்லை. "பாத்தியா, அடங்கிட்டான்" என்று வீட்டம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடங்கியது சத்தம் மட்டும்தான் என்று எனக்குப் புரியவில்லை.

கீதாரி பார்த்த போட்டோ

கடித்த அன்று வீட்டம்மாதான் நிதானமாக இருந்தார். யாரோ காயத்தில் வைக்கக் காப்பித்தூளோடு ஓடி வந்தார்கள். அதைத் தடுத்து, பையனின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவினார். அரசு மருத்துவமனைக்குப் போனோம். காயத்தைச் சுற்றி ஓர் ஊசி, கையில் ஓர் ஊசி, மறுபடி வர வேண்டிய தேதிகளை எழுதிய சீட்டு. டாக்டர் என்னைப் பார்த்து, "நாய்க்கு ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். முதல் வருடம் போட்டேன், அடுத்த வருடம் அறுவடை மும்முரத்தில் விட்டுப்போனது. சொல்ல வெட்கமாக இருந்தது. "பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிங்க. எதாவது மாற்றம் தெரிஞ்சா உடனே வாங்க" என்றார்.

மகள் கிளம்பும்போது சொன்னாள்: "அப்பா, இந்த நாய் இங்க இருக்கிற வரைக்கும் நான் பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டேன்." பெற்றவள் வேறு என்ன சொல்வாள்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னொரு யோசனை சொன்னார்: "சோத்துல கொஞ்சம் மருந்து வச்சுட்டா விடியறதுக்குள்ள முடிஞ்சிரும் சார்." பூச்சிக்கே மருந்து வைக்க மாட்டேன் என்று ஊரெல்லாம் பேசித் திரிபவன் நான். அந்த ராத்திரி அவர் சொன்னதையும் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

ஆறாம் நாள் கிடை போட கீதாரி வந்தார். என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாயின் பக்கத்தில் போகவில்லை. பத்தடி தள்ளி, அதற்குப் பக்கவாட்டில், எங்கேயோ பார்ப்பதுபோலக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ஐந்து நிமிடம் பேச்சில்லை. செவலை மெதுவாக உடம்பைத் தளர்த்தி, அவர் பக்கம் நாலு எட்டு வந்து முகர்ந்தது.

"சார், இது தலையைச் சாய்ச்சே நிக்குது பாத்தீங்களா? அடிக்கடி உதறுது. எடது காது நோவுது இதுக்கு" என்றார்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்ததில் இடது காதுக்குள் சீழ், மடலுக்குள் உண்ணி. மழைக்காலம் முழுக்க அது காதைச் சொறிந்ததும், தலையை உதறியதும், தரையில் தேய்த்ததும் அப்போதுதான் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. பேரன் கட்டிப் பிடித்தபோது அவன் கை அழுந்தியது அந்தக் காதில்தான்.

அண்ணனிடம் மே மாதப் போட்டோவைக் காட்டினேன். "அப்ப எவ்வளவு பாசமா இருந்துச்சு பாருங்கண்ணே." அவர் போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுலயே வேணாம்னு சொல்லிருச்சே சார். வாய் இறுக மூடியிருக்கு. காது பின்னால ஒட்டியிருக்கு. மூஞ்சி அந்தப் பக்கம், கண்ணு மட்டும் இந்தப் பக்கம், முழியில வெள்ளை தெரியுது. ஆட்டுக்குட்டியா இருந்தா நீங்க வெலக்கி விட்டிருப்பீங்க."

வாராக்கடனும் கடிநாயும்

வங்கிக்காரன் புத்திக்கு ஒன்று உறைத்தது. ஒரு கடன் ஒரே நாளில் வாராக்கடன் ஆகாது. பொதுவாகத் தவணை 90 நாள் தாண்டினால்தான் அந்தப் பெயர். அதற்கு முன்பே 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று கட்டமாகப் பிரித்துக் கண்காணிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. முதல் கட்டத்திலேயே போய், "என்னண்ணே, வெள்ளாமை எப்படி?" என்று கேட்டால் பாதிக் கடனைக் காப்பாற்றிவிடலாம். அந்தக் கணக்கை 34 வருடம் பார்த்தவன், தன் வீட்டு நாயின் கணக்கைப் பார்க்கவில்லை.

நாய்க்கும் இப்படிக் கட்டங்கள் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டியிருக்கிறார். கீழ்ப்படியில் கொட்டாவி, கண் சிமிட்டல், மூக்கை நக்குதல். அடுத்து முகத்தைத் திருப்புதல், உடம்பைத் திருப்புதல், எழுந்து போய்விடுதல். பிறகு காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு பதுங்குதல், வாலைச் சுருட்டுதல், மல்லாந்து படுத்தல். அதற்கு மேலே உடம்பு விறைத்து முறைத்தல், உறுமல், காற்றைக் கடிப்பதுபோல வெட்டுதல். உச்சிப் படிதான் கடி.

கீழ்ப்படியில் சொன்னது பலிக்கவில்லை என்றால் நாய் அடுத்த படிக்குப் போகிறது. எந்தப் படியில் அடி விழுகிறதோ அந்தப் படியை விட்டுவிடப் பழகிக்கொள்கிறது. செவலை உறுமல் என்ற படியை விட்டது இப்படித்தான். பயமும் வலியும் அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் போய்விட்டது.

இது நமக்குப் புதுசே இல்லை. இலை மஞ்சளானால் மண்ணைப் பார்க்கச் சொல்கிறோம், உடனே யூரியாவை அள்ளிப் போடாதே என்கிறோம். உறுமலும் மஞ்சள் இலை மாதிரிதான். அதை அடித்துப் பச்சையாக்க முடியாது.

எதைப் பார்க்க வேண்டும்?

இனி நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பாதி கீதாரி அண்ணன் சொன்னது, பாதி படித்தது. முதல் விதி, ஒரே உறுப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு உடம்பையும், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வால்: வாலாட்டினால் சந்தோஷம் என்பது பாதி உண்மை. இடுப்போடு சேர்ந்து, தளர்வாக, அகலமாக ஆடினால் சந்தோஷம். வால் மேலே விறைத்து, நுனி மட்டும் வெடவெடவென்று ஆடினால், உடம்பும் விறைத்திருந்தால், பக்கத்தில் போகாதீர்கள். தாழ்ந்து சின்னதாக ஆடினால் தயக்கம். காலிடுக்கில் போனால் பயம். இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வளர்த்தவரைக் கண்டால் நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது, முரட்டுத்தனமான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. ஆனால் வாலாட்டலில் பல வகை உண்டு என்பதற்கு இது போதும்.

காதும் கண்ணும்: காது முன்னால் நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. பின்னால் ஒட்டினால் பயம் அல்லது சங்கடம். வளர்த்தவரை வரவேற்கும்போதும் காது பின்னால் போகும், ஆனால் அப்போது உடம்பு நெளியும். கண் பாதி மூடி மிருதுவாக இருந்தால் நிம்மதி. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும்போது விழியில் பிறை மாதிரி வெள்ளை தெரிந்தால், 'இத்தோடு நிறுத்து' என்று அர்த்தம்.

வாய்: லேசாகத் திறந்து நாக்குத் தளர்ந்திருந்தால் நல்லது. இளைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி அசையாமல் நின்றால் கவனியுங்கள். உறுமலுக்கு முந்திய நொடி பெரும்பாலும் அதுதான். சாப்பாடு கண்ணெதிரே இல்லாதபோது மூக்கை நக்குவதும், தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவதும் சங்கடத்தின் அடையாளம். வெயிலும் ஓட்டமும் இல்லாமல் இளைத்தால் பயமோ வலியோ இருக்கும்.

முதுகு முடி: சிலிர்த்தால் கோபம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நமக்குப் புல்லரிப்பதுபோலத்தான். பயம், பரபரப்பு, கோபம் எதற்கும் சிலிர்க்கும்.

மல்லாந்து படுப்பது: உடம்பு குழைந்து, வாய் திறந்து, புரண்டுகொண்டிருந்தால் வயிற்றைத் தடவலாம். வாலைச் சுருட்டி, முகத்தைத் திருப்பி, விறைத்துக் கிடந்தால் 'என்னை விட்டுவிடு' என்று கேட்கிறது. அப்போது தடவப் போய்க் கடி வாங்கியவர்கள் உண்டு.

முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்குவது: இது விளையாட்டுக்கு அழைப்பு. இதற்குப் பின் வரும் குரைப்பும் பொய் உறுமலும் விளையாட்டுத்தான்.

சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட மனித, விலங்கு உணர்ச்சிகள் பற்றிய நூலிலேயே, அந்நியனை நோக்கி விறைத்து நடக்கும் நாய், வருவது தன் எஜமான் என்று தெரிந்ததும் அப்படியே குழைந்து தாழ்வதை விவரித்திருக்கிறார். நார்வே நாட்டின் நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ், முகம் திருப்பல், தரையை முகர்தல், வளைந்து வருதல் போன்றவற்றைச் 'சாந்தப்படுத்தும் சைகைகள்' என்று பட்டியல் போட்டார். கீதாரி அண்ணன் இவர்களைப் படித்தவரில்லை. ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல், நாயைத் தன்னிடம் வரவிட்டார். அவர் பேசியது அதே பாஷைதான். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் ரெண்டு அதிகாரம் இருக்கிறது. மனுஷனுக்குச் சொன்னதை நாய்க்கும் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் போதும்.

குரைப்பையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் முடி என்ற அந்நாட்டு மேய்ச்சல் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட எந்தச் சூழ்நிலையில் குரைத்தது என்பதை ஓரளவு சரியாகச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் அந்நிய ஆளுக்குக் கனத்த குரலில், விட்டு விடாமல் குரைப்பு. பன்றிக்கு ஓடிக்கொண்டே குரைப்பு. பாம்பைக் கண்டால் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் துள்ளி, கீச்சுக் குரலில் குரைக்கும். அதைக் கேட்டால் நான் செருப்பையும் டார்ச்சையும் எடுக்காமல் இறங்க மாட்டேன்.

திருட்டு முழி

நாயை நாம் தப்பாக வாசிப்பதற்கு இன்னோர் உதாரணம். கோழி முட்டை உடைந்து கிடக்கிறது. செவலையைப் பார்க்கிறோம். தலையைத் தொங்கப் போட்டு, காதை ஒட்டி, கடைக்கண்ணால் பார்க்கிறது. "திருட்டு முழியைப் பாரு, இதுதான் குடிச்சது" என்று அடிக்கிறோம். நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். அந்தக் குற்றவாளி முகம், நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. வளர்த்தவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அந்த முகத்தைக் காட்டியது. அதாவது அது நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம்.

எங்கள் வீட்டில் முட்டையை உடைத்தது கீரி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் செவலை எத்தனை அடி வாங்கியதோ.

ஒரே நாளில் எத்தனை சுமை

மாட்டுப் பொங்கல் அன்றைக்கு நடந்ததை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காலையிலிருந்து வேட்டுச் சத்தம். வீடு நிறைய அந்நிய ஆட்கள். அவர்களுக்குப் பயந்து பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டியிருந்தேன். சாப்பாடு நேரம் தவறிவிட்டது. காதுக்குள் சீழ். இத்தனைக்கும் மேல் ஒரு கட்டிப்பிடி. பயந்த நாய்க்கு முதல் வழி விலகிப் போவது. சங்கிலியில் இருக்கிற நாய்க்கு அந்த வழியும் இல்லை. ஒவ்வொன்றாக வந்திருந்தால் தாங்கியிருக்கும். எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வந்தது.

அன்று ஆரம்பித்து எங்கள் தோட்டத்தில் சில முறைகள் வைத்திருக்கிறோம்:

1. வண்டிக்கு அடியில் இருக்கும் இடம் செவலைக்கு. அங்கே படுத்திருந்தால் யாரும் கூப்பிடவோ தொடவோ கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படியே.

2. குழந்தைகள் நாயிடம் போகக் கூடாது, கூப்பிட வேண்டும். வந்தால் தடவலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். கட்டிப் பிடிப்பதும் முகத்தோடு முகம் வைப்பதும் கிடையாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

3. தடவும்போது மூன்று எண்ணி நிறுத்துங்கள். நாய் இன்னும் நெருங்கி வந்தால் தொடரலாம். முகம் திருப்பினாலோ நகர்ந்தாலோ போதும் என்று அர்த்தம். தலை உச்சியில் கை வைப்பதைவிட நெஞ்சிலோ தாடைக்குப் பக்கத்திலோ தடவுவது நல்லது.

4. உறுமினால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். பிறகு காரணம் தேடுங்கள். வலியா, பயமா, எலும்பைக் காக்கிறதா, குட்டி இருக்கிறதா? நல்லா இருந்த நாய் திடீரென்று முறைப்பாக மாறினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. வேட்டு, இடிக்குப் பயந்தால் திட்டாதீர்கள். இருட்டான ஓர் அறையைத் திறந்து விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகிவிடும் என்பது தவறான எண்ணம்.

6. குட்டி வாங்கினால், மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் பலவகை மனிதர்கள், மாடு, ஆடு, மோட்டார் சத்தம் எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக்கிவிடுங்கள். நாய் உலகத்தைக் கற்கும் பருவம் அதுதான்.

கடித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடி நடக்கலாம். காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கட்டுப் போட்டு இறுக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரச் சொல்வார்கள். ஒன்றைக்கூட விடக் கூடாது. ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றித் தனி ஊசியும் தேவைப்படும். நம் வீட்டு நாய்தானே, குட்டிதானே, கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி மனிதனுக்கு வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. இயற்கை வழி பேசுகிற நாமும் இந்த ஒரு விஷயத்தில் நாட்டு வைத்தியம் என்று இறங்கக் கூடாது. லூயி பாஸ்டர் 1885இல் கண்ட தடுப்பு வழி இது. நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது.

நாய்க்குக் குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, காரணமில்லாமல் கண்டதையும் கடிப்பது, இருட்டில் ஒளிவது, தள்ளாடுவது இவை ஆபத்து அடையாளங்கள். பக்கத்தில் போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில், வருடா வருடம். நான் இப்போது அதை மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய வாரம் என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்த உறுமல்

பத்து நாள் முடிந்தது. செவலைக்கு ஒன்றுமில்லை. காதுக்குத் தினமும் மருந்து விட்டோம். முதல் வாரம் என் கையைக் கண்டாலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாழ்ந்தது. அடித்த கை என்று அதற்குத் தெரியும். ஒரு சங்கிலியை அவிழ்த்து ஒரு பிடி சோறு வைத்து, தள்ளி உட்கார்ந்து, அது வரும்வரை காத்திருந்தேன். 34 வருடத்தில் எந்த வாடிக்கையாளருக்காகவும் நான் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

மகள் ஒன்றரை வருடம் வரவில்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. போனில் மட்டும் பேரனுக்குப் படம் அனுப்பி, "இதுல செவலை என்ன சொல்லுது?" என்று கேட்பேன். முதலில் தப்புத் தப்பாகச் சொன்னான். பிறகு என்னைவிட நன்றாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

போன மே மாதம் வந்திருந்தார்கள். பையன் ஆடிய பந்து உருண்டு வண்டிக்கு அடியில் போனது. யோசிக்காமல் குனிந்து கையை நீட்டினான். உள்ளே படுத்திருந்த செவலை தலையைத் தூக்கி, தொண்டைக்குள் மெதுவாக உறுமியது. மூன்று வருடத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் உறுமல்.

மகள் எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பையன் அசையாமல் நின்றான். மெதுவாகக் கையை எடுத்து, ரெண்டு எட்டு பின்னால் வந்து சொன்னான்: "தாத்தா, செவலை வேணாம்னு சொல்லுது. பந்து அப்புறம் எடுத்துக்கிறேன்."

செவலை தலையைத் தரையில் சாய்த்து, ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது, நாய்க்குச் சோறு வைக்கிற சட்டியை அவளே கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள்.